108 டாலரின் கணக்கு

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. முன்னதில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகள். பின்னது வசதியானவர்களின் பகுதி. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். அந்த நகர்ப்பகுதியிலேயே அதுதான் அதிகபட்சம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். மாநிலத் திட்டத்துக்கான பங்கு போக, அந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்கு மிஞ்சியது எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர்.

கூடுதலாக வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஏன் குறைவு? சின்னஞ்சிறு வீடுகளும் சொற்பக் கடைகளும் உள்ள ஊரில் வரியை எவ்வளவு உயர்த்தினாலும் கல்லாவில் விழுவது சில்லறைதான். அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு இன்றும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் மாநிலக் கருவூலத்திலிருந்தும்தான் வருகிறது. ஒரு குழந்தையின் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை அதன் தெருவிலுள்ள வீடுகளின் விலை தீர்மானிக்கும் ஏற்பாடு இது.

மாநிலம் இந்தப் பள்ளத்தை நிரப்பியதா? எட்ஜ்வுட் மாணவருக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 225 டாலர் கொடுத்தது. இருப்பவருக்கே மூன்று டாலர் கூடுதல்! மத்திய அரசின் பணம் மட்டும்தான் எதிர்த்திசையில் ஓடியது: எட்ஜ்வுட்டுக்கு 108, அலமோ ஹைட்ஸுக்கு 36. மொத்தம் 356 டாலருக்கு 594 டாலர். அநீதிதான். ஆனால் மத்திய அரசின் பணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். 248 டாலருக்கு 558 டாலர் என்றாகி, இடைவெளி இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

பள்ளிச் செலவில் வாஷிங்டனின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான், அதை நிறுத்தினால் குடி முழுகிவிடாது என்று இப்போது வாதிடுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். பத்து சதவீதம் என்பது நாடு முழுமைக்குமான சராசரி. எட்ஜ்வுட்டில் அன்று அது முப்பது சதவீதம். சராசரியில் சிறிதாகத் தெரியும் பணம், ஏழைப் பள்ளிக்கு முதுகெலும்பு.

அந்தப் பணத்துக்கு வழிசெய்தது 1965-ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட வாஷிங்டனில் உட்காரவில்லை. டெக்சாஸில் தான் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளிக்குப் போய், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திட்டார். அரசியல்வாதியாகும் முன் அதே மாநிலத்தின் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதென்றால் என்ன என்பது அவருக்கு யாரும் விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

அச்சட்டத்தின் முதல் பிரிவு, ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு இன்று ஆண்டுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல் கொண்டுசேர்க்கிறது. இது பெரும்பாலும் சம்பளமாகவே செலவாகிறது. இரண்டாம் வகுப்பு முடித்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியர். முப்பது பேரை ஒருவராகச் சமாளிக்கும் வகுப்பாசிரியருக்குத் துணை நிற்கும் உதவியாளர். இப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் பணம். நிதி குறைந்தால் கட்டடம் அப்படியே நிற்கும். அந்த மேசை முதலில் காலியாகும்.

‘பணத்தைத் தருகிறோம், மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற குரலும் கேட்கிறது. மாநிலங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டன? இனவாரியாகப் பிரித்த பள்ளிகள் செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்தாண்டுகள் ஆன பிறகும், தென் மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பின மாணவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். பாகுபாடு காட்டினால் மத்திய நிதி கிடையாது என்றது 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம். மறு ஆண்டே பெரும்பணமும் வந்தது. நீதிமன்ற உத்தரவுகளும் சேர, 1968-இல் அந்த அளவு முப்பது சதவீதத்தைத் தாண்டியது. நிபந்தனை இல்லாத பணம் அதைச் செய்திருக்காது.

சொத்து வரியை நம்பிய இந்த ஏற்பாட்டை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முன்னின்றவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ், விமானப் படைத்தளத்தில் தகட்டு வேலை செய்த தொழிலாளி. 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களைக் கைவிட்டது. கல்வி, அரசமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்றது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மாநில அரசமைப்பின்படி நியாயம் வழங்கியது உண்மை. ஆனால், மாநிலத்துக்கு மாநிலம் நீதிமன்றப் படியேற வேண்டிய வழி அது. நாடு முழுவதற்கும் பொதுவாக எஞ்சியிருப்பது, நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் இந்தப் பணம்தான்.

அதற்குத்தான் 2025-இல் ஆபத்து வந்தது. மார்ச்சில் கல்வித் துறையின் பணியாளர் எண்ணிக்கையைப் பாதியாக்கும் நடவடிக்கை தொடங்கியது. துறையையே மூடுவதற்கான ஆணையில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று பள்ளிகளுக்குச் சேர வேண்டிய சுமார் 680 கோடி டாலரை, மறுஆய்வு என்ற பெயரில் நிறுத்திவைத்தார்கள். ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள் ஆகியவற்றுக்கான பணம் அது. குடியரசுக் கட்சியின் பத்து செனட்டர்களே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அம்மாத இறுதிக்குள் பணம் விடுவிக்கப்பட்டது. ஆனால் ஆகஸ்டில் பள்ளி திறக்கும் ஊரில் ஜூலை என்பது ஆள் எடுக்கும் மாதம். பணம் வருமா என்று தெரியாத தலைமையாசிரியர் யாருக்கு வேலை உத்தரவு கொடுப்பார்?

குறை வாஷிங்டனிடமும் நெடுநாளாக இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் இலவசக் கல்வி தர வேண்டும் என்று 1975-இல் சட்டம் போட்டபோது, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக நாடாளுமன்றம் சொன்னது. இன்று கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அச்சட்டத்தின் கீழ் வரும் பிள்ளைகள் 70 லட்சத்துக்கும் மேல். மீதியைக் கட்டுவது மாநிலங்களும் உள்ளூர் சொத்து வரியும்தான். எட்ஜ்வுட்டில் அந்த வரி ஒரு மாணவருக்கு 26 டாலராக இருந்தது.