அழிந்தது ஒரு வரிதான்

பார்டிஷன் அழிந்துவிட்டது என்று யாராவது பதறிக்கொண்டு அழைத்தால், எப்படி அழிந்தது என்று நான் கேட்பதில்லை. அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பேன். “ஒன்றும் செய்யவில்லை, அணைத்து வைத்துவிட்டேன்” என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. “கடையில் கொடுத்தோம், ஃபார்மேட் போட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள்” என்று வந்தால் மனம் கனத்துப்போகும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களின் கோப்புகளை, தவறான அந்த ஒரு கிளிக்கைவிட அடுத்த சில மணி நேரத்து அவசரம்தான் அதிகம் பறித்துக்கொண்டு போகிறது. எத்தனை தடவை சொன்னாலும் இதைச் சொல்ல எனக்குச் சலிப்பதில்லை.

நம் ஊரில் இரட்டை இயங்குதளம் பல வீடுகளுக்குள் அரசுப் பள்ளி வழியாகத்தான் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கையில் வந்த கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அதை நீக்கித் தரச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் விளையாட்டாகக் கட்டளை தட்டப் பழகி, இன்று அதையே தொழிலாக வைத்திருப்பவர்களையும் தெரியும். இப்போது கல்லூரிகளில் லினக்ஸைத் தாங்களாகவே ஏற்றிக்கொள்கிறவர்கள் ஏராளம். சீனியர் ஒருவர் பென்டிரைவோடு விடுதி அறைக்கு வருவார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எந்தப் பார்டிஷனில் எது இருக்கிறது என்று மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை.

அண்மையில் என்னிடம் வந்த மடிக்கணினி, நாட்டுப்புறவியல் ஆய்வு மாணவி ஒருத்தியுடையது. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அதன் உபுண்டு பக்கத்தில் இருந்தன. பாடிக் கொடுத்த பாட்டிகளில் சிலர் இப்போது இல்லை. விண்டோஸில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. இடம் தேடி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தவளுக்கு, எழுத்துப் பெயர் எதுவும் இல்லாத 200 ஜிபி கட்டம் ஒன்று கண்ணில் பட்டது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பார்டிஷனுக்கு விண்டோஸ் டி, ஈ என்று எழுத்துக் கொடுக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் காட்டாது. சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து அழித்துவிட்டாள். வேறு இயங்குதளத்தின் தரவு இதில் இருக்கலாம் என்று விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. ஆனால் நாள் முழுக்க எத்தனையோ எச்சரிக்கைகளுக்கு ‘யெஸ்’ அழுத்திப் பழகிய கை அதற்கும் அழுத்திவிடுகிறது.

பிறகு சி டிரைவை நீட்டிக்கப் பார்த்திருக்கிறாள். அந்தப் பொத்தான் மங்கலாகவே இருந்தது. விண்டோஸ் தன் ரெக்கவரி பார்டிஷனைப் பெரும்பாலும் சி டிரைவை ஒட்டியே வைத்திருக்கும். காலியான இடம் அதற்கு அப்பால் இருந்ததால் இரண்டையும் சேர்க்க முடியவில்லை. பலரையும் எரிச்சல்படுத்தும் அந்தத் தடைதான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கறுப்புத் திரை. மூலையில் ‘கிரப்’ என்ற ஒரு சொல், பக்கத்தில் துடிக்கும் கோடு.

“அண்ணா, ஃபார்மேட் பண்றதத் தவிர வழியில்லங்கறாங்க கடையில. குடுத்துடட்டுமா?”

“வேண்டாம்மா. அதுக்கப்புறம் விண்டோஸுக்குள்ள போனியா?”

“இல்லண்ணா. பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.”

“நல்லது. அப்படியே எடுத்துட்டு வா. நடுவுல யாரும் ஆன் பண்ண வேண்டாம்.”

அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் எல்லாரும் கணினியே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் போனது மிகக் கொஞ்சம். யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினிகளில் இயங்குதளத்தை எழுப்பிவிடும் மென்பொருளான கிரப்பின் முதல் துண்டு, இஎஃப்ஐ என்ற சிறிய பார்டிஷனில் இருக்கிறது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியலும் மற்றக் கோப்புகளும் லினக்ஸ் பார்டிஷனுக்குள் இருக்கின்றன. முதல் துண்டு விழித்துக்கொண்டு தன் மீதியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, உத்தரவுக்காகக் காத்து நிற்கிறது. பழைய பயாஸ் கணினிகளில் இதே நிலையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வரும். விண்டோஸ் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கணினி தொடங்கும்போது எஃப்12 போன்ற பூட் மெனு விசையை அழுத்தி அதை நேரே எழுப்பிவிடலாம். எழுப்ப முடியும் என்பதற்காக எழுப்பிவிடக் கூடாது என்பது வேறு விஷயம்.

பார்டிஷன் அட்டவணை என்பது வட்டின் தொடக்கத்தில் உள்ள சிறு பதிவு, அவ்வளவுதான். 1983-இல் பிசி டாஸ் 2.0 காலத்தில் வந்த எம்பிஆர் முறையில் அது வெறும் 64 பைட்: ஆளுக்கு 16 பைட் வீதம் நான்கு பார்டிஷன்கள். இன்றைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்டிஷன்களுக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 128 பைட். எந்த செக்டாரில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, என்ன வகை என்ற விவரங்கள்தான் அதில் இருக்கும். ‘டெலீட் வால்யூம்’ கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஒரு வரி நீங்குகிறது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணை அடித்துவிட்டதால் தோப்பில் நிற்கும் தென்னை பட்டுப்போவதில்லை. ஆனால் அந்த நிலம் புறம்போக்கு என்று நம்பி வேறொருவர் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தினால் தென்னைக்கு ஆபத்து. ஃபார்மேட்டும் புதிதாக விண்டோஸ் ஏற்றுவதும் அந்த ஜேசிபிதான்.

ஜிபிடி தன் அட்டவணையின் இன்னொரு பிரதியை வட்டின் கடைசியில் வைத்திருக்கிறதே, அதிலிருந்து மீட்க முடியாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். முதல் பிரதி சிதைந்துபோனால் அது உதவும். மனிதர் தெரிந்தே அழிக்கும்போது மென்பொருள் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே திருத்திவிடுகிறது.

மாணவியின் கணினியில் இருந்தது பழைய வகை 1 டிபி ஹார்ட் டிஸ்க். வேறொரு கணினியில் உபுண்டு பென்டிரைவ் தயாரித்து, நிறுவும் பக்கம் போகாமல் ‘டிரை’ வழியாக மட்டும் திறந்தோம். முதல் வேலை தேடுவது அல்ல, நகலெடுப்பது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, வட்டை செக்டார் செக்டாராக அப்படியே எடுத்து வெளி வட்டில் ஒற்றைக் கோப்பாக வைத்துவிடும். நன்றாக வாசிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, தகராறு செய்யும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று குறித்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால்கூட 1 டிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும். இந்தக் காத்திருப்பு யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும், இதைத் தாண்டிக் குதித்து நேரே மீட்கப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகல் கையில் இருந்தால்தான் அடுத்த தவறைத் திருத்திக்கொள்ள முடியும்.

பிறகு டெஸ்ட்டிஸ்க். பிரெஞ்சு நிரலாளர் கிறிஸ்டோஃப் கிரெனியே 1998 முதல் வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. அழகான சாளரம் கிடையாது, கறுப்புத் திரையில் அம்பு விசைகளால் நகர வேண்டும். அட்டவணை சொல்வதை நம்பாமல் வட்டையே நடந்து பார்ப்பதுதான் அதன் வேலை. ஈஎக்ஸ்டி4 பார்டிஷன் தொடங்கி 1024 பைட் தள்ளி சூப்பர்பிளாக் என்ற குறிப்பு இருக்கிறது. அதற்குள் இஎஃப்53 என்ற அடையாள எண் இருக்கிறது. மொத்தம் எத்தனை பிளாக் என்ற கணக்கும் அங்கேயே உண்டு. ஆகவே தொடக்கம் கிடைத்துவிட்டால் முடிவும் கிடைத்துவிடும். முதல் தேடலிலேயே 200 ஜிபி பார்டிஷன் திரையில் வந்து நின்றது. ‘பி’ விசையை அழுத்தினால் உள்ளே உள்ள கோப்புகள் தெரியும். அழுத்தினோம். ஊர்ப் பெயர் வைத்த கோப்புறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அவள் ஒவ்வொரு ஊராக வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தாள்.

அங்கேயே ‘ரைட்’ கொடுத்தால் டெஸ்ட்டிஸ்க் அட்டவணையைத் தானே எழுதிவிடும். நான் அதைக் கொடுப்பதில்லை. முன்பு எப்போதோ இருந்த பார்டிஷன்களின் எச்சங்களையும் அது சில சமயம் பட்டியலில் காட்டும். கண் அசந்தால் அவையும் உள்ளே போய்விடும். நன்றாக இருக்கும் மற்ற வரிகளைத் தொடாமல், விட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. தொடக்க, முடிவு செக்டார் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டோம். தொடக்க எண் 2048-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்தோம். இப்போதைய கருவிகள் பார்டிஷனை 1 எம்பி எல்லையில் தொடங்குவதால், வகுபடாத எண் வந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு ராட் ஸ்மித் எழுதிய ஜிடிஸ்க்கில் அதே எண்களைக் கொடுத்து, லினக்ஸ் வகை என்று குறித்து, அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். லினக்ஸ் வகை என்ற இந்த அடையாளத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. ஜிபிடியில் லினக்ஸ் தரவுக்கென்று தனி அடையாளம் ஒரு காலத்தில் கிடையாது. விண்டோஸ் தரவுக்கான அடையாளத்தையே லினக்ஸும் பயன்படுத்திவந்தது. அதனால் விண்டோஸ் அந்தப் பார்டிஷனைத் தன்னுடையது என்று நினைத்து, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ஜிடிஸ்க்கையும் பார்ட்டெட்டையும் உருவாக்கியவர்கள் சேர்ந்து பேசித்தான் தனி அடையாளம் கொண்டுவந்தார்கள்.

வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்துப் பார்டிஷனைத் திறந்தோம். எதையும் திருத்தாமல் சோதிக்கும் முறையில் ஒரு சோதனை ஓட்டினோம். பிழை இல்லை. ஒலிப்பதிவுகளை வெளி வட்டுக்கு எடுத்த பிறகே மறுதொடக்கம். கிரப்பைப் புதிதாக நிறுவ வேண்டிய தேவையே வரவில்லை. அது தன் மீதியைத் தேடுவது பார்டிஷனின் யுயுஐடி எண்ணை வைத்து. அந்த எண் இருப்பது சூப்பர்பிளாக்குக்குள். அட்டவணையில் வரி திரும்பியதும் கிரப்புக்குத் தன் வீடு தெரிந்துவிட்டது. உபுண்டு, விண்டோஸ் என்ற பழைய பட்டியல் திரையில் வந்தது.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அழித்த இடத்தில் புதிய பார்டிஷன் போட்டு விரைவு ஃபார்மேட்டும் கொடுத்திருந்தால் முதல் சூப்பர்பிளாக் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அப்போதும் வழி உண்டு. 4 கேபி பிளாக் கொண்ட ஈஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கின் பிரதியை 32768-ஆம் பிளாக்கிலும் அதற்கப்பால் பல இடங்களிலும் வைத்திருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் தன் பூட் செக்டாரின் பிரதியைப் பார்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கிறது. அதற்கும் மேல் சேதம் என்றால், கிரெனியேயின் இன்னொரு மென்பொருளான ஃபோட்டோரெக், கோப்புகளின் தொடக்க அடையாளத்தை மட்டும் வைத்துத் தேடி எடுக்கும். ஆனால் கோப்புப் பெயரும் கோப்புறையும் திரும்பாது. எந்தப் பாட்டு எந்த ஊரில் யார் பாடியது என்ற விவரம் இல்லாமல், எண் பெயர் சூட்டிய ஆயிரக்கணக்கான ஒலிக்கோப்புகள் ஓர் ஆய்வாளர் கையில் வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்?

எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் கடினம். இந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லும் ட்ரிம் என்ற கட்டளை அங்கே உண்டு. விண்டோஸ் 7 முதலே ஃபார்மேட்டோடும் அழிப்போடும் அது இணைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்தாலும் ட்ரிம் போகும். போன பிறகு வட்டு தன் வசதிப்படி அந்த இடத்தைத் துடைத்துவிடும்; எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. ஆகவே எஸ்எஸ்டியில் தவறு நடந்தது தெரிந்த நொடியே அணைத்துவிடுங்கள், நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாளெல்லாம் மேசையில் கணினிகள் அடுக்கிக் கிடக்க, எல்லாரும் அவர்களிடம் கேட்பது “எப்போது கிடைக்கும்” என்பதைத்தான். அந்த நெருக்கடியில் ஃபார்மேட் என்ற சொல் முதலில் வந்துவிடுகிறது. ஆனாலும் பார்டிஷனில் கைவைப்பதற்கு முன், உள்ளே வேறு எங்கும் பிரதி இல்லாத கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது அவர்கள் கடமை. இருக்கிறது என்றால் நகலெடுக்காமல் தொடக் கூடாது. டிடிரெஸ்க்யூவுக்கும் டெஸ்ட்டிஸ்க்குக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. கற்றுக்கொள்ள ஒரு பழைய வட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்று இரவே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஜிடிஸ்க்கோடு வரும் எஸ்ஜிடிஸ்க்கில் பேக்கப் கட்டளை கொடுத்தால் பார்டிஷன் அட்டவணை முழுவதும் ஒரு கோப்பாக வந்துவிடும். வழக்கமான அட்டவணைக்கு 18 கேபி கூட வராது. அதை அதே கணினியில் வைத்துப் பயனில்லை, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பார்டிஷன் அளவை மாற்றும்போதெல்லாம் புதிதாக எடுத்து அனுப்புங்கள். சி டிரைவைக் குறைப்பதென்றால் விண்டோஸின் கருவியாலேயே குறையுங்கள், லினக்ஸ் பார்டிஷனைப் பென்டிரைவிலிருந்து திறந்த ஜிபார்ட்டெட்டில் மாற்றுங்கள். தொடங்குமுன் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பிட்லாக்கர் போட்ட கணினியாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி எடுத்து வைத்த பிறகு அடுத்த வேலையைப் பாருங்கள்.