பட்டம் வாங்கியாச்சு! பாஸ்போர்ட் எடுத்தாச்சு! அப்புறம்?

கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய தாள். பட்டமளிப்பு விழா முடிந்த அன்று இரவே உன் புகைப்படம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'மாஷா அல்லாஹ்' என்று வாழ்த்துகள் குவிகின்றன. நாமும் மனதார வாழ்த்துகிறோம், தம்பி! ஆனால் ஒரு கேள்வி. ஆறு மாதம் கழித்து நீ எங்கே இருப்பாய்?

பதில் தெரியாத கேள்வியா இது? பி.காம். படித்தவர் மாமாவின் ரெடிமேட் கடையில். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர் துபாயில் ஏதோ ஒரு மொபைல் கடையில். பி.ஏ. வரலாறு படித்தவர் 'விசா வந்துவிடும்' என்று தெருமுனையில்!

'வியாபாரம் செய்வது கேவலமா?' என்று சீறாதீர்கள். வியாபாரம் நம் பாட்டன் முப்பாட்டன் தொழில். கடல் கடந்து சம்பாதித்த பணத்தில்தான் பல ஊர்களில் அடுப்பே எரிகிறது. நாம் கேட்பது வேறு. மூன்றாண்டு படித்த படிப்பு ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறதே, அது ஏன்?

'கலைக்கல்லூரிப் படிப்புக்கு என்ன மதிப்பு? இன்ஜினியரிங் கிடைக்காதவன் படிப்பதுதானே?' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. இந்தப் பொய்யை முதலில் உடைக்க வேண்டும்.

பாத்திமா பீவியைத் தெரியுமா? பத்தனம்திட்டாவில் ஒரு ராவுத்தர் குடும்பத்துப் பெண். திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தார். அதோடு நிற்கவில்லை, சட்டம் படித்தார். 1950-இல் வழக்கறிஞர். 1958-இல் முன்சீப். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி! பிறகு நம் தமிழகத்துக்கே ஆளுநர். தொடக்கம் எது? நீ வாங்கியிருக்கிறாயே, அதே பி.எஸ்ஸி.

அப்துல் கலாமை எல்லோரும் மேடையில் பேசுகிறோம். ராமேஸ்வரம், செய்தித்தாள் போட்ட சிறுவன், ராக்கெட், ஜனாதிபதி. நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிறகுதான் தமக்கு ஏற்றது பொறியியல் என்று அவர் உணர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்காள் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கவனியுங்கள்! நகை அடகுக்குப் போனது பட்டம் வாங்குவதற்காக அல்ல. பட்டம் வாங்கியதற்குப் பிறகு!

நம் சமுதாயம் கோட்டைவிடும் இடம் அதுதான். கல்லூரிக் கட்டணத்துக்கு ஜகாத் தருகிறோம், ஜமாஅத்தில் உதவித்தொகை தருகிறோம். பட்டம் கைக்கு வந்ததும் 'இனி உன் பாடு' என்று கைகழுவி விடுகிறோம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவன் உட்கார்ந்து படிக்க யார் சோறு போடுவது?

வணிகப் பெருமக்களே! இனி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

1951-இல் திருச்சியில் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்லூரி தந்தார்கள். அவர்கள் உங்களைப் போன்ற வணிகர்கள். மேல்விஷாரத்தில் 1965-இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் வாசலைக் கட்டித் தந்தார்கள். அந்த வாசல் வழியாக வெளியே வரும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? நேராகக் கடைக்கு இழுத்து வருகிறோம்!

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மாதம் தவறாமல் ஆடிட்டர் வாசலில் ஃபைலோடு காத்து நிற்கிறீர்கள். அந்த ஆடிட்டர் நாற்காலியில் உங்கள் மகன் ஏன் இல்லை? பி.காம். படித்த பிள்ளைதானே உங்கள் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான்! பி.காமில் 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் சி.ஏ.வின் தொடக்கத் தேர்வே தேவையில்லை, நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். இந்த விவரம் எத்தனை முதலாளிமார்களுக்குத் தெரியும்?

வக்ஃபு சொத்துக்கு வழக்கு என்றால் வக்கீலைத் தேடி ஊர் ஊராக அலைகிறோம். எந்தப் பட்டதாரியும் மூன்றே ஆண்டில் சட்டம் முடிக்கலாம். பி.எஸ்ஸி. படித்தவன் 'ஜாம்' தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்ஸி. படிக்கலாம். ஐ.ஐ.டி. என்றாலே இன்ஜினியரிங் என்று நினைத்து எத்தனை பேர் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கிறோம்!

ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும், மாநில அரசின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். 2006-இல் சச்சார் குழு வைத்த கணக்கு நினைவிருக்கிறதா? நாட்டு மக்கள்தொகையில் 13.4 விழுக்காடு இருந்த நாம், ஐ.ஏ.எஸ்.ஸில் 3, ஐ.பி.எஸ்.ஸில் 4, வெளியுறவுப் பணியில் 1.8. இதற்கு ஆட்சியாளர்களின் பாரபட்சமே காரணம் என்று மேடைதோறும் முழங்கினோம். பாரபட்சம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டு நிலவரம் என்ன? 2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5. படிப்பறிவில் முந்தி நிற்கும் சமுதாயம், அரசு அலுவலகத்தில் மனுவோடு வெளியே நிற்கிறது!

போராடினோம், கேட்டோம், 2007-இல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. 200 இடம் என்றால் 7 நமக்கு. விண்ணப்பமே போடாதவனுக்கு ஒதுக்கீடு என்ன செய்யும்? லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வை ஓ.பி.சி. பிரிவினர் 35 வயதுவரை ஒன்பது முறை எழுதலாம். இதற்கு வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது. தனியே ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். கடைசி தேதிக்கு முந்தின நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடும் தம்பிகளே, இப்போதே வாங்கி வையுங்கள்!

2022-இல் மத்திய அரசு மவ்லானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை நிறுத்தியது. கண்டன அறிக்கை விட்டோம். விட வேண்டியதுதான். அந்த உதவி கிடைக்காமல் நின்றுபோகும் ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவரையாவது தத்தெடுத்த மஹல்லா எது? ஒரு வலிமா விருந்தில் குப்பைக்குப் போகும் பிரியாணியின் பணத்தில் ஒரு பிள்ளை ஓர் ஆண்டு சென்னையில் தங்கிப் படிக்கலாமே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பையன்கள் பாஸ்போர்ட்டோடு பறக்கும் ஊர்களில், பெண்பிள்ளைகள் எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்று படித்து முடிக்கிறார்கள். மாப்பிள்ளை தேடும்போதுதான் அத்தாவுக்கு வியர்க்கிறது. முதுகலை படித்த பெண்ணுக்குப் பிளஸ் டூ மாப்பிள்ளை. 'படிப்பை மறந்துவிடு' என்பது கல்யாணத்துக்கு முன் நிபந்தனை! படித்த பெண்ணைக் குறை சொல்லும் பெரியவர்களே, படிப்பைப் பாதியில் விட்டது யார்?

அடுத்த ஜும்ஆவுக்கு முன் உங்கள் மஹல்லாவில் ஒரு கணக்கெடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இன்று எங்கே? யாருக்கு இரண்டு ஆண்டுச் சோறும் புத்தகமும் கொடுத்தால் மேலே வருவார்? பெயர்களை எழுதி முத்தவல்லி கையில் கொடுங்கள். தொகையை எழுத வேண்டியவர்கள் கடைவீதியில்தான் இருக்கிறார்கள்.