மலைப்பாம்பு வீட்டுப் பிராணி அல்ல

2023 செப்டம்பரில் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பைகளைச் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். 55 பால் பைத்தான் மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிரோடு இருந்தன. கூடவே அடைக்கப்பட்டிருந்த 6 கப்புச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. வீட்டில் பாம்பு வளர்க்கும் ஆசைக்காகப் பணம் கொடுக்க ஆள் இருப்பதால்தான் இந்தக் கடத்தல் நடக்கிறது.

ஓசூருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே மோஸ்தராகும் எதுவும் இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்காது. அது பரவும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மலைப்பாம்பை, உள்நாட்டினதாயினும் வெளிநாட்டினதாயினும், வீட்டில் வளர்க்கும் பழக்கம் முடிவுக்கு வர வேண்டும்.

நம் மண்ணின் மலைப்பாம்பைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களை உள்ளடக்கிய இந்தக் காட்டுப் பகுதியின் இந்திய மலைப்பாம்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வயலில் குட்டி கிடைத்தது, இரக்கப்பட்டு எடுத்து வந்தேன் என்ற சமாதானம் செல்லாது. உயிருக்கும் ஆபத்து உண்டு. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் வரிசையாக ஓடும் வட்டங்களையும், மலைப்பாம்பின் ஒழுங்கற்ற திட்டுகளையும் வேறுபடுத்தத் தெரியாமல் கையில் எடுப்பவர், விஷப்பாம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடும்.

குழப்பம் இருப்பது வெளிநாட்டுப் பாம்புகளில். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நம் சட்டம், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகி, பரிவேஷ் இணையதளத்தில் பதிய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. 2020இலும் ஆவணம் கேட்காமலே விவரம் தெரிவிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். கணக்கெடுப்பு அவசியம்தான். ஆனால் அவகாசம் மேல் அவகாசம் கொடுத்தால், கடத்தி வந்ததும் ஒருநாள் கணக்கில் ஏறிவிடும் என்ற தைரியம் வராதா? பதிவு என்பது கைவசம் இருப்பதற்கான கணக்கு. புதிதாக வாங்குவதற்கான அனுமதி அல்ல.

வளர்ப்போர் சொல்வதையும் கேட்போம். விஷமில்லை, சாது, சத்தம் போடாது, வாரம் ஒரு எலி போதும் என்கிறார்கள். இவை உண்மைதான், ஆனால் பாம்புக்குத் தேவையானவை இவற்றோடு முடிவதில்லை. கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையில் சுமார் 32 டிகிரி, மறுமுனையில் 26 டிகிரி வெப்பம் எப்போதும் இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். மார்கழி இரவில் ஓசூரின் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது மின்சாரம் நின்றால், விழுங்கிய இரை செரிக்காது. நெஞ்சில் சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் மேல் படுத்த பாம்பு, அடிவயிறு வெந்தாலும் பல நேரம் நகர்வதில்லை. மத்திகிரி கால்நடைப் பண்ணையும் கோழியின உற்பத்திக் கல்லூரியும் உள்ள ஊர் இது. மாட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பாம்புக்கு யாரைத் தேடுவது? ஷிப்ட் வேலையும் வாடகை வீடுமாக வாழ்பவர், 20, 30 ஆண்டு வாழக்கூடிய உயிருக்கு எப்படிப் பொறுப்பேற்பார்?

பொறுப்பேற்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா காட்டிவிட்டது. வீடுகளில் வளர்த்து, விடப்பட்டும் தப்பியும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012இல் வெளியான ஆய்வு, அவை பரவிய பகுதிகளில் கண்ணில் படும் ரக்கூன்கள் 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொன்னது. அந்த மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்த அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களின் அறிவு நமக்குப் பெருமை. ஆனால் இத்தனை ஆண்டு வேட்டைக்குப் பிறகும் அந்தப் பாம்புகளை அங்கிருந்து ஒழிக்க முடியவில்லை. கெலவரப்பள்ளி அணை ஓரத்திலோ தென்பெண்ணைக் கரையிலோ யாரோ விடும் ஒரு வெளிநாட்டுப் பாம்பு, நம் காட்டுப் பாம்புகள் அறியாத நோயைக் கொண்டு வரலாம். நெருங்கிய இனமாக இருந்தால் கலப்பும் நேரலாம்.

ஆகவே ஒன்றிய அரசு, வீட்டு வளர்ப்புக்காக மலைப்பாம்புகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் முற்றாகத் தடை செய்ய வேண்டும். இன்னொரு மன்னிப்பு அவகாசம் கூடாது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்ற 2018 விதிகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கடை கடையாகச் சரிபார்க்கப்பட வேண்டும். எல்லையில் தமிழக, கர்நாடக வனத் துறைகள் சேர்ந்து சோதனை நடத்த வேண்டும். எல்லைக்கு அந்தப்புறம் வாங்கியது இந்தப்புறம் யாருடைய வழக்கு என்ற இழுபறிக்கு இடம் தரக் கூடாது.

ஏற்கெனவே வைத்திருப்போரைக் குற்றவாளியாக மிரட்டினால் இரவோடு இரவாகப் பாம்பு புதருக்குப் போய்விடும். பதிவு செய்து வளர்ப்பவர்கள் இருப்பதை ஒழுங்காகக் காக்கட்டும். இனப்பெருக்கம் செய்யவோ, கைமாற்றவோ, வெளியில் விடவோ கூடாது. வளர்க்க முடியாதவர்கள் தயக்கமின்றிக் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு மையமும், அங்கே ஊர்வன மருத்துவம் பயின்ற ஒருவரும் ஓசூர் வனக் கோட்டத்துக்கு உடனடித் தேவை. அதை அரசு செய்து தந்த பிறகும் பாம்பைக் காட்டில் விடுபவர் மீது வழக்குப் போடத் தயங்கக் கூடாது.

பாம்பின் மீது உண்மையான ஈடுபாடு உள்ள இளைஞர்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. வனத் துறை அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, வயல்வெளியில் அடிபட்டுச் சாகும் பாம்புகளைக் காப்பாற்றும் வேலையில் சேர்த்துக்கொள்ளட்டும்.