டீ பாக்டரியில் காட்டுவதும் காட்டாததும்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் போகிற பிரயாணிகள் தேயிலை ஆலையையும் ஒரு காட்சியாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாசலில் டிக்கெட். உள்ளே கயிறு கட்டிய நடைபாதை. கடைசியில் சின்னக் கோப்பையில் டீ, அதை ஒட்டியே கடை. பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் விஷயம் முடிந்தது.

போகக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மில்லிலும் வயலிலும் உழைக்கிறவன் வருஷத்துக்கு ஒருமுறை மனைவி மக்களோடு மலை ஏறினால் அது அவன் உரிமை. யந்திரத்தைப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் தொழிலாளி போனால் தொழிலாளியின் கண்ணோடு பார்க்க வேண்டும். முதலாளி காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது.

காட்டுவது என்ன?

பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறிக் காற்றைச் செலுத்தி, மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். வாடிய கொழுந்து பல் வைத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே போகிறது. ஜோடியில் ஓர் உருளை மெதுவாகவும் மற்றொன்று வேகமாகவும் சுற்றுவதால் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுகிறது. காற்றுப் பட்டுப் பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. பிறகு உலையின் சூட்டில் காய்ந்து கறுக்கிறது. நாரை நீக்கிச் சலித்தால் குருணை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் நாம் குடிக்கிற டீ பெரும்பாலும் அந்தத் தூள்தான்.

நூல் மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும். பஞ்சு நூலாகிற மாதிரி இலை தூளாகிறது. யந்திரத்தின் இரைச்சலும், மூக்கில் ஏறுகிற தூசியும் புதிதல்ல. அந்தத் தூசியில் ஷிப்ட் முழுவதும் நிற்கிறவனுக்கு என்ன கூலி என்று மட்டும் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

கொழுந்து எங்கிருந்து வந்தது?

நடைபாதை தொட்டியில் தொடங்குகிறது. தொட்டிக்கு முன்னால் நடந்தது கணக்கில் வருவதில்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் ஆயிரக்கணக்கான தடவை விரல் மடங்க வேண்டும். மழையிலும் பனியிலும் சரிவில் நின்று அப்படிக் கிள்ளுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சாலையில் காரை நிறுத்தி அவர்களைப் படம் பிடிக்கிற பிரயாணி உண்டு. இன்று எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

எல்லாக் கொழுந்தும் பெரிய எஸ்டேட்டிலிருந்து வருவதில்லை. நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர். அவர்களுக்காக ஏற்பட்ட 16 கூட்டுறவு ஆலைகளில் மட்டும் சுமார் 30 ஆயிரம் பேர் அங்கத்தினர்கள். இந்த விவசாயியின் கஷ்டம் நம் நாட்டுப்புற விவசாயிக்கு உடனே விளங்கும். நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைக்கலாம். பருத்தியை மூட்டை கட்டிப் போடலாம். பச்சைக் கொழுந்தை நாளைக்கு வைக்க முடியாது, கெட்டுப்போகும். ஆகவே ஆலை சொன்ன விலைக்குப் போட்டே தீரவேண்டும். ஆலையின் தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. அங்கே விலை இறங்கினால் நஷ்டம் கீழே உருண்டு விவசாயியின் தலையில் விழுகிறது. கடையில் பாக்கெட் விலை மட்டும் அதோடு சேர்ந்து இறங்குவதில்லை! கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023ல் அந்த விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது இதனால்தான்.

வீடு யாருக்குச் சொந்தம்?

சரிவில் வரிசையாகத் தெரிகிற லைன் வீடுகளும் பிரயாணியின் படத்தில் அழகாக விழும். அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்தவனுக்கும் ஒரு சதுர அடி மண் சொந்தமில்லை.

1964ல் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வாழ்வு கொடுக்கத்தான் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டது. 1976ல் அது கழகமாயிற்று. 2022ல் அந்தக் கழகம் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதென்று உத்தரவு வந்தது. தெற்கே மாஞ்சோலையிலும் இதே கதை. 1929ல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை 2028ல் முடிகிறது. அதற்கு நாலு ஆண்டு முன்பே, 2024ல், கம்பெனி தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டியது. போக்கிடமில்லாதவனிடம் வாங்குகிற கையெழுத்துக்குப் பெயர் விருப்பமாம்! இதே மாஞ்சோலைத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியபோது 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள் என்பதை மறக்க முடியுமா?

1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்றது. 2020ல் மத்திய சர்க்கார் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதையும் விழுங்கிவிட்டது. தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது மில் தொழிலாளிக்கும் நேர்ந்திருக்கிறது. அதே தொகுப்புச் சட்டத்தில்தான் நம் பாக்டரிச் சட்டமும் கரைந்தது.

இதற்கு வழி கிடையாதா? உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். வெட்டிய போனஸைக் கொடு என்றார்கள். பிரயாணிகளின் கார்கள் நின்றன; கம்பெனி இறங்கி வந்தது. 20 சதவீதம் வாங்கினார்கள். அடுத்த மாதமே 232 ரூபாய் தினக்கூலி 301 ஆக உயர்ந்தது. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் கேட்காமல் ஒரு காசும் ஏறியிராது.

ஆகவே தோழர்களே, மலைக்குப் போங்கள். ஆலையையும் பாருங்கள். வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கொழுந்து பறிக்கிறவருக்கு இன்று என்ன கூலி? சிறு விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன விலை? வேலை முடிந்தபின் அவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? பதில் வராவிட்டால் ஆலைக்கு வெளியே வந்து லைன் வீட்டுப் பக்கம் நடந்து போய்க் கேளுங்கள். கேட்டதை ஊருக்கு வந்து உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை தோட்டத் தொழிலாளி கொடி பிடிக்கும்போது மில் கேட்டிலும் ஒரு கூட்டம் நடக்க வேண்டும். கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும்.