ஒரு நொடியும் இருபத்தைந்து ஆண்டுகளும்

திறன்பேசி வைத்திருக்கும் எவரும் இன்று ஒளிப்படம் எடுக்கலாம். ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அழித்துவிடலாம். நல்ல படம் அமைவது நல்வாய்ப்பைப் பொறுத்தது என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றிருக்கிறது. நல்வாய்ப்புக்கு இக்கலையில் இடமுண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வந்த வாய்ப்பை நழுவவிடாத கை எவ்வாறு உருவாகிறது?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவெழும் காட்சியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் உலகப்புகழ் பெற்றது. அஃது 1941ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது. பகல் முழுதும் அலைந்தும் மனநிறைவு தரும் படம் ஒன்றேனும் அமையாமல் அவர் மகிழுந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில், ஊருக்கு மேலே நிலவு எழுந்திருந்தது; மறையும் கதிரவனின் கடைசி ஒளி கல்லறைச் சிலுவைகளின்மீது வெண்மையாகப் படிந்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் பெரிய ஒளிப்படக் கருவியை விரைந்து முக்காலியில் பொருத்தினார். ஒளியை அளக்கும் மானியோ கைக்கு அகப்படவில்லை. எனினும், நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதனைக் கொண்டு மனக்கணக்காகவே ஒளிபடு நேரத்தை முடிவுசெய்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த ஒளி அகன்றுவிட்டது.

(அந்த நாள் எது என்பதைக்கூட ஆடம்ஸ் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. படத்தில் நிலவு இருக்கும் இடத்தைக் கொண்டு வானியலாரே பின்னாளில் அதனைக் கணித்தனர்.)

இதனை நல்லூழ் என்று சொல்லிவிட இயலாது. 1916இல், பதினான்கு வயதில், எளிய பெட்டிக் கருவி ஒன்றுடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் படமெடுக்கத் தொடங்கியவர் ஆடம்ஸ். இளமையில் பியானோ கலைஞராக விரும்பி, அதற்காக இடைவிடாது பயின்றவரும் ஆவார். அந்த மாலையில் கணக்கிட்டது இருபத்தைந்து ஆண்டுகள் பழகிய மனம்.

செலவின்றி எத்தனை முறையும் எடுத்துப் பழகும் வசதி முற்காலக் கலைஞர்க்கு வாய்க்காதது. இன்றைய மாணவர் அவ்வகையில் பேறுபெற்றவரே. எனினும், நாற்பது படங்கள் எடுப்பது மட்டும் பயிற்சியாகிவிடாது. அழிக்கப்படும் முப்பத்தொன்பதில் ஒளி எங்கே தவறியது, கை எப்போது அசைந்தது என்று பார்ப்பவரே பயில்கிறார். பாராமல் அழிப்பவர் நாற்பத்தோராவது படத்தையும் முதற்படத்தைப் போலவே எடுப்பார்.

ஆடம்ஸின் பணியும் அந்த மாலையோடு முடியவில்லை. நெகட்டிவின் கீழ்ப்பகுதியில் ஒளி போதாமல் இருந்தது. 1948இல் வேதிக்கரைசல் கொண்டு அப்பகுதியை வலுப்படுத்தினார். அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் இருட்டறையில் நின்று, அந்த ஒரு நெகட்டிவை மீண்டும் மீண்டும் அச்சிட்டார். தொடக்ககால அச்சுகளின் வானில் மங்கலான மேகங்கள் தெரிகின்றன. பிற்கால அச்சுகளிலோ வானம் ஏறத்தாழ முழுக் கருமையாகி, நிலவு மட்டும் தனித்து ஒளிர்கிறது.