கடலுக்காகப் பேசுவோருக்குக் கூலி வேண்டாமா?

கடல் ஜீவராசிகளைக் காப்பதற்கென்று உலகெங்கும் பல ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஆமை, கடற்பசு, பவளப்பாறை ஆகியவற்றைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல இவை இளைஞர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. செய்தி எழுதுவது, படம் எடுப்பது, துண்டுப் பிரசுரம் தயாரிப்பது, பள்ளிக்கூடங்களில் பேசுவது ஆகியவையே வேலை. 'இன்டர்ன்ஷிப்', அதாவது பயிற்சி, என்று இதற்குப் பெயர். பல இடங்களில் இதற்குச் சம்பளம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் பயிற்சி பெறுபவரே பணம் கட்ட வேண்டிய இடங்களும் உண்டு!

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு என்கிறோம் நாம்.

'பயிற்சி' என்ற சொல்லின் மர்மத்தை நமது ஆலைத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் சூட்டி, ஏழைப் பெண்களைப் பஞ்சாலைகளில் 'அப்ரண்டிஸ்' என்று சேர்த்து, மூன்று வருஷம் முழு வேலை வாங்கிய கதை பழங்கதையல்ல. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆலையிலே ஏழையைப் பயிற்சி என்ற பெயரால் பிழிந்தார்கள். இங்கேயோ, அதே பெயரால் ஏழையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் கூலியின்றி வேலை செய்ய யாரால் முடியும்? வீட்டிலிருந்து பணம் வருகிறவரால் முடியும். பாம்பன் மீனவரின் மகளால் முடியுமா?

இதன் விளைவு என்ன? கடலைப் பற்றிப் பேசுகிற உரிமை, கடலில் இறங்காதவர்களிடம் போய்ச் சேருகிறது.

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். அங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக அத்தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள், அத்துமீறியவர்களாக ஆக்கப்பட்டார்கள். ஆனால் அதே பெண்கள்தான், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் கடலுக்கு ஓய்வு விடுவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் 'சீகாலஜி' என்ற அமெரிக்க ஸ்தாபனம் பரிசளித்தது. கடல் பாதுகாப்பை இவர்களுக்குக் கற்பிக்க வேண்டுமா, இவர்களிடம் கற்க வேண்டுமா?

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். உடனே 'மீனவர்' என்று பொதுவாகப் பழி சுமத்தி எழுதுவது எளிது. இழுவலைப் படகுக்கும் நாட்டுப் படகுக்கும், படகின் முதலாளிக்கும் அதில் கூலிக்குப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரையில் பிறந்தவர் அறிவார்.

"எங்களிடம் பணமில்லை, இது சேவை" என்கிறார்கள். சேவை செய்ய விரும்புவோரை நாம் மதிக்கிறோம். சிறு ஸ்தாபனங்களின் கஷ்டமும் நமக்குத் தெரியும். ஆனால் நன்கொடை திரட்டித் தருவதும் இந்தப் பிள்ளைகள் எழுதும் எழுத்துத்தானே! அதற்கு மட்டும் கூலி இல்லையா? தொழிற்சாலையில் பயிலுநருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். இந்தப் பாதுகாப்புக்கு வெளியே எந்தப் பயிற்சியும் இருக்கக்கூடாது.

ஆகவே நாம் கோருவது இதுதான். வேலை வாங்கும் பயிற்சிக்குக் குறைந்தபட்சக் கூலியும் தங்குமிடமும் தரவேண்டும். சர்க்கார் பணம் பெறும் ஸ்தாபனங்கள், கடலோரக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு இந்த இடங்களில் முதலிடம் தரவேண்டும். செய்திகள் அந்த மக்கள் படிக்கும் தமிழிலே முதலில் வரவேண்டும்.

ஆமையும் வாழ வேண்டும். மீனவரும் வாழ வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கடற்கரைக் குப்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேனாவையும் காமிராவையும் எடுக்க வழிவிடுங்கள் என்று வற்புறுத்துகிறோம். ஆலையிலும் வயலிலும் கூலிக்காகப் போராடும் தோழர்கள் இக்கோரிக்கையைத் தமதாகக் கொள்வார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.