குடும்ப நலம்: அரைமணி நேரப் பயிற்சியும் ஆறு நாள் வீடும்



ஒரு தாயின் கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. 'அம்மா', 'தா' என்னும் இரண்டு சொற்களுக்குமேல் வரவில்லை. கரண்டி பிடித்து உண்ணவும் தெரியவில்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் வாரம் ஒருநாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். இரண்டு பேருந்து மாறிச் செல்கிறேன். அன்றைய கூலி போய்விடுகிறது. அங்கேயோ அரைமணி நேரம் பந்தும் பொம்மையும் வைத்து விளையாடுகிறார்கள். ஊசியில்லை, மருந்தில்லை. 'அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான். வீண் அலைச்சல் எதற்கு?' என்கிறார் என் மாமியார். எட்டு வாரம் ஆயிற்று. நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம், சகோதரி. ஆனால் உங்கள் ஐயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. வாரத்திற்கு அரைமணி நேர விளையாட்டால் மட்டும் ஒரு குழந்தை பேசிவிடாது. உங்கள் மகன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பதாக வைத்துக்கொண்டால், வாரத்திற்கு 84 மணி நேரமாகிறது. அதில் அரைமணிதான் மருத்துவமனைக்கு உரியது. மீதி முழுவதும் வீட்டிற்கு உரியது. ஆகவே அந்த அரைமணி நேரத்தில் குழந்தையைவிட மிகுதியாகக் கற்க வேண்டியவர் நீங்களே.

பயிற்சியாளர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உடனே கொடுக்காமல் காத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குழந்தை தம் முகத்தைப் பார்க்க வேண்டும். கை நீட்டியோ ஓர் ஒலி எழுப்பியோ கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் காத்திருப்பு. பிள்ளை வாய் திறக்குமுன் நாம் பாலைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவன் கேட்பதற்குத் தேவையே எழுவதில்லை. இனிப் பால் குவளையைக் காட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அவன் 'பா' என்றால், 'பால் வேணும்' என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். 'சொல், சொல்' என்று வற்புறுத்த வேண்டாம். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் தமிழிலேயே பேசுங்கள்.

மற்றொரு பயிற்சியை 'ஆக்குபேஷனல் தெரபி' என்பர். அது வேலைக்குச் செல்வதற்கான பயிற்சியன்று. உண்பதும், உடுப்பதும், விளையாடுவதும், கை கழுவுவதுமே குழந்தையின் அன்றாடப் பணிகள். அவற்றைத் தானே செய்யப் பழக்குவதே இதன் நோக்கம். கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால், வலுவில்லாத விரல்களும் பற்றிக்கொள்ளும். சப்பாத்தி மாவை உருட்டவும் கிள்ளவும் விட்டால் விரல்கள் உரம் பெறும். சட்டை மாட்டும்போது எல்லாவற்றையும் நீங்களே செய்து, கடைசியாகக் கீழே இழுத்துவிடும் வேலையை மட்டும் அவனுக்கு விடுங்கள். அது பழகியபின் அதற்கு முந்திய படியையும் விடுங்கள். முடித்தவன் தானே என்னும் மகிழ்ச்சி அவனை அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும்.

உங்கள் மாமியாருக்கும் ஒரு சொல். தாமதமாகப் பேசிப் பின்னர் தேறிய பிள்ளைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இவனும் அவர்களுள் ஒருவனா என்பதைக் காத்திருந்து அறிய முயன்றால், மூளை விரைந்து வளரும் அரிய ஆண்டுகள் கழிந்துவிடும். நாவில் வசம்பு தேய்ப்பதும் தேன் தடவுவதும் பேச்சைக் கொண்டுவருவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தீங்கும் செய்யலாம். ஆனால் பாட்டிமாரிடம் வேறொரு நல்ல மருந்து உண்டு. நிலாவைச் சுட்டிக்காட்டிச் சோறு ஊட்டுகிறார்களே, அதுதான். ஒருவர் சுட்டியதை மற்றவரும் பார்ப்பதே பேச்சின் முதற்படி. பயிற்சியாளர் பொம்மையைக் கொண்டு செய்வதும் அதையே. கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கம் இருந்தால், அதை விடுத்து மீண்டும் நிலாவைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏனைய பெற்றோரும் கவனிக்க வேண்டியவை சில. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறனும் வர வேண்டும். மூன்று வயதில் அவன் பேசுவதில் பெரும்பகுதி அயலாருக்கும் விளங்க வேண்டும். பேசிய சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதிலும் தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள். முதலில் செவியைச் சோதிப்பது இன்றியமையாதது. கதவைத் தட்டினால் திரும்புகிறான் என்பதால் காது நன்றாக உள்ளது என்று எண்ணலாகாது. சில ஒலிகள் கேட்டு, சில கேளாமலும் இருக்கலாம். தூங்கும் கைக்குழந்தைக்கும் இச்சோதனையைச் செய்ய முடியும்.

2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் கட்டணமின்றிக் கவனிக்கப்படுகின்றன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலோ கேட்டறியலாம்.

சகோதரி, அடுத்த முறை செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். "இந்த வாரம் வீட்டில் நான் எதைச் செய்ய வேண்டும்? எந்த வேளையில் செய்ய வேண்டும்? எதைச் செய்யலாகாது?" என மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் செய்வதை அவர்கள் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்தம் பெறுங்கள். கூலி இழப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுப் பயிற்சி ஒழுங்காக நடந்தால் இரு வாரத்திற்கு ஒருமுறை வரலாமா என்று அவர்களே ஆராய்ந்து சொல்லக்கூடும். உங்கள் கணவரை ஒருநாளாவது உடனழைத்துச் செல்லுங்கள். பிள்ளை பேசாதது தாயின் குற்றமன்று. அவனைப் பழக்குவது தாயின் வேலை மட்டுமன்று.

எல்லாப் பிள்ளைகளும் சரளமாகப் பேசிவிடுவர் என்று உறுதி கூறுவதற்கில்லை. சிலர் சைகையாலும் படங்களாலும் தம் மனத்தைத் திறப்பர். அதுவும் மொழியே; அது வரவிருக்கும் பேச்சைத் தடுப்பதுமில்லை.

பங்குக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலியில் மணியோசைக்கோ ஒலிபெருக்கிக்கோ மிரண்டு ஒரு குழந்தை அலறினால், திரும்பி முறைத்துப் பார்க்காதீர்கள். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த ஒரு தாய் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். சற்று நகர்ந்து, வாசலோரம் அவருக்கு இடம் கொடுங்கள்.